ஆறு மாதத்துக்கு என்று வந்த கரோலா

சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், சென்காலன் பக்கத்தில், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையான பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஜேர்மன், சண்டை பிடிக்கும்போது இரண்டும் கலந்து வரும். அவர்களுடைய தாய் தகப்பன்மாரில் பாதிப்பேர் என்னைப் போல யுத்தத்துக்குள் இருந்து ஓடி வந்தவர்கள்.

ஒரு சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், ஸ்கூலில யூத அகதிகளைப் பற்றிப் படிப்பிச்சவை. அதுகளும் எங்கட அப்பா மாதிரித்தானோ வந்தது?"

நல்ல கேள்வி. நான்தான் பதிலைச் சொதப்பினேன். அடுத்த கிழமை பெரிய ஆயத்தத்தோடு போய், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததில் தொடங்கி, 60 லட்சம் பேர் கொல்லப்பட்டதில் முடித்தேன். நடுவில் முகாம் படங்கள் இரண்டையும் காட்டினேன். பெரிய பிள்ளைகள் 60 லட்சத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். ஒரு சின்னவன் மூன்று இரவு தூங்கவில்லை என்று அவனுடைய அம்மா தொலைபேசியில் ஏசினார். ஏச்சு வாங்கத்தான் வேண்டும். அந்த எண்ணை நானே மனதில் பிடிக்க முடியாமல் திண்டாடுகிறேன், பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

அதன் பிறகு அவர்களுடைய வயதில் ஒரே ஒரு பிள்ளையைத் தேடினேன். தேடப்போனால் அவள் எங்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறாள். எங்கள் ஏரிக்கரையிலிருந்து பல்சக்கர ரயிலில் அரை மணி நேரம் கூட இல்லாத ஹைடன் என்ற மலையூரில். பெயர் கரோலா ரூத் சீகல். பிறந்தது 1928 ஜூன் 4, ஜேர்மனியில். பின்னாளில் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த டாக்டர் ரூத் வெஸ்ட்ஹைமர் இவர்தான். 2024 ஜூலையில், 96 வயதில் காலமானார்.

இந்த முறை ஹிட்லரில் தொடங்கவில்லை. "கரோலாவிடம் 13 பொம்மைகள் இருந்தன" என்று தொடங்கினேன்.

பிராங்பேர்ட்டில் அப்பா, அம்மா, அப்பம்மாவோடு இருந்த ஒரே பிள்ளை அவள். அப்பா ஜூலியஸ் கடைகளுக்குச் சில்லறைச் சாமான் மொத்தமாகக் கொடுக்கும் வியாபாரி. 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜேர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளை நொறுக்கினார்கள், ஜெபக்கூடங்களைக் கொளுத்தினார்கள். ஒரு கிழமை கழித்து நாஜி ஆட்கள் வீட்டுக்கே வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பம்மா ஒளித்து வைத்திருந்த காசை எடுத்து அந்த ஆட்களிடமே கொடுத்து, என் மகனைக் கவனமாகப் பாருங்கள் என்றாராம். கரோலா ஜன்னலில் நின்று பார்த்தாள். லொறியில் ஏறுமுன் அப்பா திரும்பி, மகளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். அவள் அப்பாவைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. "அந்தக் காசை அவங்கள் வாங்கினவங்களோ?" என்று ஒருவன் கேட்டான். வாங்கினார்கள். பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள். நாய்க்கு யார் சாப்பாடு போட்டது, ரயிலில் மூத்திரம் வந்தால் என்ன செய்தது, பல்லு வலித்தால் யாரிடம் காட்டியது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நாங்கள் கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்கில் ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்தபோது எங்கள் கவலையும் இவைதானே. இப்படியான கேள்விகளைத் தட்டிக் கழிக்காதீர்கள். பிள்ளை கதைக்குள் நுழைகிற வாசல் அதுதான். விடை தெரிந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.

அப்பா முகாமில் இருக்கும்போதே, கரோலாவைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. சுமார் 300 யூதப் பிள்ளைகளைத் தற்காலிகமாக எடுக்கச் சுவிஸ் அனுமதி கொடுத்திருந்தது. கரோலாவுக்குப் போக விருப்பமில்லை. நீ போனால்தான் அப்பா வீட்டுக்கு வரலாம் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்கள். ஆறு மாதம், அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். 1939 ஜனவரி 5, ரயில் புறப்பட்டது. அவளுக்குப் பத்தரை வயது. மேடையில் அம்மா இர்மாவும் அப்பம்மாவும் நின்றார்கள்.

இங்கே நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தேன். நீங்களே தூக்கக்கூடிய ஒரு பெட்டி, பத்து நிமிடம், என்ன எடுப்பீர்கள் என்று எழுதச் சொன்னேன். எல்லோரும் முதலில் போன் சார்ஜரை எழுதினார்கள். ஒருத்தி பூனையை எழுதிவிட்டு, பூனைக்குப் பெட்டியில் ஓட்டை போடலாமா என்று விசாரித்தாள். ஒருவனும் சுவெட்டர் எழுதவில்லை, ஜனவரி மாதம் என்று சொல்லியிருந்தும். "அதை அம்மாதானே வைப்பா" என்றான் ஒருவன். சரிதான், அதை அம்மா வைப்பா. எழுதி முடித்த பிறகுதான் சொன்னேன்: கரோலா 13 பொம்மைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். ரயிலில் அவளைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று அழுது கொண்டிருந்தது. அந்த ஒன்றையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு எல்லோரும் அழாமல் இருக்கப் பாட்டுப் பாடத் தொடங்கினாள்.

இந்தப் பயிற்சியை நீங்களும் செய்யலாம். ஆனால் ஒன்று: எழுதினதைத் திருத்தக் கூடாது, யார் எழுதினது நல்லது என்று போட்டி வைக்கக் கூடாது. நான் முதல் தரம் "பாருங்கோ, கரோலா எவ்வளவு பெரிய மனசு" என்று இழுத்தேன். பூனை எழுதின பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. பொம்மையைக் கொடுக்காத பிள்ளையும் நல்ல பிள்ளைதான். கரோலாவும் அதைக் கொடுத்துவிட்டு வருத்தப்படாமல் இருந்திருப்பாளா? வளர்ந்த பிறகு அவர் பொம்மை வீடுகளாகச் சேர்த்து வைத்திருந்தார்.

பெரும்பாலும் இந்த மாதிரிக் கதைகளை ரயில் எல்லையைத் தாண்டியதோடு முடித்துவிடுவோம். தப்பினாள், சுபம். எனக்கும் அப்படி முடிக்க ஆசைதான். ஆனால் கரோலாவின் யுத்தம் ஹைடனில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதில் குண்டு இல்லை, துவக்கு இல்லை. தூசி தட்டுவதும் தரை துடைப்பதும்தான் இருந்தன.

வார்ட்ஹைம் என்பது அவள் வந்து சேர்ந்த சிறுவர் இல்லம். அங்கே சுவிஸ் யூதப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜேர்மனியிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்களுக்கு வேலை செய்ய வேண்டியிருந்தது. கரோலா துப்புரவு செய்தாள், துணி துவைத்தாள், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தாள். நன்றியோடு இருக்க வேண்டும், சாப்பாடு போடுகிறார்களே என்று அடிக்கடி நினைவூட்டினார்கள். ஆரம்பப் படிப்பு இல்லத்துக்குள்ளேயே கிடைத்தது. அதற்கு மேல் படிக்கப் பெண்பிள்ளைகளுக்கு வழியில்லை. வீட்டு வேலைப் பயிற்சி கொடுத்து, அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். என்னிடம் சுவிஸ் வேலைக்காரி டிப்ளோமா இருக்கிறது என்று பிற்காலத்தில் அவர் சொல்லிச் சிரிப்பார்.

இல்லத்தில் ஒரு பையனுக்கு மட்டும் மேல்வகுப்புப் போக இடம் கிடைத்தது. அவன் கரோலாவின் சிநேகிதன். பகலில் அவன் படித்த புத்தகங்களை இரவில் அவள் இரவல் வாங்கி, மற்றவர்கள் தூங்கிய பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்து படிப்பாள். விடியமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் இப்படித்தான் இரவுகள் போயின. நாட்குறிப்பும் எழுதினாள்.

பிழைத்தல் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எனக்கு வேறு இடம் தெரியவில்லை. ஒரு நாளில் ஓடித் தப்புவது எல்லோருக்கும் புரிகிறது. ஆறு வருடம், இன்னொருவர் வீட்டில், எப்போது முடியும் என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் எழும்பித் தரை துடைத்துவிட்டு, இரவில் இரவல் புத்தகம் படிப்பது? "ரீச்சர், பரீட்சையும் இல்லாமல் ஏன் படிச்சவ?" என்று ஒருவன் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனே யோசிக்கட்டும்.

போன வருடம் வெயில் காலத்தில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹைடனுக்கே போனேன். றோர்ஷாக் துறையிலிருந்து ஏறுகிற அந்த ரயில் பாதை 1875இல் போட்டது. மேலே போனால் போடன் ஏரி முழுவதும் காலடியில் கிடக்கும். அக்கரை ஜேர்மனி. ஒருவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு கிட்டவா?" என்றான். துரத்திய நாடு தினமும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் அவள் ஆறு வருடம் இருந்தாள். இதை வகுப்பறையில் எத்தனை வரைபடம் காட்டியும் விளங்க வைத்திருக்க முடியாது. உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பாட்டுப் பெட்டியை முதலில் திறக்க விடுங்கள். பசியோடு இருக்கிற பிள்ளைக்கு எந்த வரலாறும் ஏறாது.

ஹைடனில் இன்னொரு விசேஷம். செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமான ஹென்றி துனான், கடைசிக் காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தார். 1901இல் முதலாவது சமாதான நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. 1910இல் இங்கேயே இறந்தார். செஞ்சிலுவை என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது, தங்கள் ஊர் என்று. அந்தப் பெருமையோடுதான் ஒருத்தி கேட்டாள்: "அப்ப சுவிஸ்காரர் நல்லவங்கள்தானே?"

இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லக் கூடாது என்று அந்த இடத்தில் முடிவெடுத்தேன். கரோலாவுக்கு உயிர் கொடுத்தது இந்த நாடு. அவள் தங்கியிருந்தது பிராங்பேர்ட்டிலாக இருந்தால் அவள் கதை எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. ஆனால் 1938இல் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு 'ஜே' எழுத்தை ஜேர்மனி பதிக்கத் தொடங்கியதன் பின்னால் சுவிஸ் அரசின் நெருக்கடியும் இருந்தது. யாரை எல்லையில் திருப்பி அனுப்புவது என்று சுலபமாகக் கண்டுபிடிக்க அந்த எழுத்து உதவியது. 1942 ஓகஸ்டில், யூதர் என்பதற்காக மட்டும் ஓடி வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று கதவைச் சாத்தினார்கள்.

அப்புறம், பந்து விளையாடுகிற பையனைக் கூப்பிட்டு, சென்காலனில் பிரூல் கழகத்தின் மைதானத்துக்கு யாருடைய பெயர் வைத்திருக்கிறது என்று கேட்டேன். "போல் குரூனிங்கர்" என்றான் உடனே. யார் அவர்? "பழைய பிளேயராக்கும்." பழைய விளையாட்டு வீரர்தான். பிறகு சென்காலன் மாநிலப் பொலிஸ் அதிகாரியாகவும் இருந்தார். 1938 ஓகஸ்டில் எல்லையை மூடச் சொன்ன பிறகும், வந்த அகதிகளின் தாளில் மூடுவதற்கு முந்திய திகதியைப் போட்டு உள்ளே விட்டார். நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார், சிலர் கணக்கில் 3,600 பேர் வரை. 1939இல் வேலை பறிபோனது, 1940இல் நீதிமன்றம் தண்டித்தது. 1972இல் வறுமையிலேயே இறந்தார். அந்தத் தீர்ப்பை நீக்க 1995 வரை ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த மைதானத்துக்குப் போகிறவன் வாயைத் திறந்தபடி நின்றான். "திகதியை மட்டும் மாத்தினவரோ?" என்றான். ஆம், திகதியை மட்டும்.

எங்கள் பெற்றோருக்குத் தாளின் பெறுமதி தெரியும். தற்காலிக அனுமதி அட்டையை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

சாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. கரோலாவின் வீட்டிலிருந்து கடிதங்கள் வந்து கொண்டிருந்தன. 1941 இலையுதிர் காலத்தோடு நின்றுவிட்டன. அந்த ஒக்டோபரில் பிராங்பேர்ட்டிலிருந்து யூதர்களை முதன்முதலாகக் கூட்டமாக ஏற்றினார்கள், 1,100 பேர் அளவில். காய்கறி மொத்தச் சந்தைக் கட்டடத்தின் நிலவறையில் அடைத்து வைத்து, அங்கிருந்தே ரயிலில் போலந்தின் லொட்ஸ் நகரச் சேரிக்கு அனுப்பினார்கள். அந்தச் சந்தைக் கட்டடம் இப்போது ஐரோப்பிய மத்திய வங்கி வளாகத்தின் ஒரு பகுதி. கரோலாவின் அப்பாவும் அம்மாவும் லொட்ஸுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். இருவரும் திரும்பவில்லை. அப்பம்மாவும் இல்லை.

படம் எதுவும் காட்டவில்லை. "காலமானார்கள்", "கடவுளிடம் போனார்கள்" என்று மழுப்பவும் இல்லை. கொன்றார்கள் என்றேன். பிள்ளைகளுக்கு நேரான சொல்லைத் தாங்க முடியும். தாங்க முடியாதது, பெரியவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்ற உணர்வு. ஆனால் இதைச் சொல்வதற்கு முதல் கிழமையே பெற்றோர் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன், இன்னது சொல்லப் போகிறேன் என்று. பழைய ஏச்சில் படித்த பாடம் அது. மாலை ஆறு மணிக்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். சொன்ன கையோடு வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். நாங்கள் அன்று ஏரிக்கு இறங்கிக் கல் எறிந்து விளையாடினோம்.

யுத்தம் முடிந்த வருடம் கரோலாவுக்குப் பதினேழு வயது. பாலஸ்தீனத்துக்குப் போனாள். யூத ஆயுதக் குழுவில் குறிசுடப் பழகினாள், ஆனால் யாரையும் கொன்றதில்லை என்று சொல்லியிருக்கிறார். 1948இல் இருபதாவது பிறந்தநாளன்று ஷெல் விழுந்து இரண்டு காலிலும் படுகாயம். அதே 1948இல்தான் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு அகதியின் கதையைச் சொல்லும்போது இன்னொரு அகதியை மறைத்துவிட்டுப் போக எனக்கு வாய் வராது.

பிறகு பாரிஸில் உளவியல் படித்தார். 1956இல் நியூயோர்க். ஆரம்பத்தில் மணிக்கு 75 சதத்துக்கு வீட்டு வேலை, சுவிஸ் டிப்ளோமா உதவியது போலும். வேலை செய்துகொண்டே படித்து 1970இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1980இல் வானொலியில் பேசத் தொடங்கியதும் பெரும் புகழ். எதைப் பற்றிப் பேசினார் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்டார்கள். கணவன் மனைவி உறவு, உடம்பு பற்றி வெட்கப்படாமல் கேள்வி கேட்கலாம் என்று சொன்ன டாக்டர் என்றேன். பின்வாங்கில் இருந்த பன்னிரண்டு வயதுகள் இரண்டும் தங்களுக்குள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. நான் தண்ணீர் குடித்தேன்.

ஆளின் உயரம் 140 சென்ரிமீற்றர்தான். சுவரில் கோடு போட்டு ஒவ்வொருவராக நிற்க வைத்தோம். பெரும்பாலானோர் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ஆமை உருவங்கள் சேர்ப்பது அவருக்குப் பிடிக்கும் என்றதும், ஒருத்தி "ஐயோ, ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு அம்மம்மா சொல்லுவா" என்றாள். அவர் சொன்ன காரணம் வேறு. ஓட்டுக்குள் இருக்கும்வரை ஆமைக்குப் பாதுகாப்பு, ஆனால் ஓரடி நகர வேண்டும் என்றால் கழுத்தை வெளியே நீட்டத்தான் வேண்டும். எங்களுக்கு ஆமை என்றாலே ஐந்தையும் உள்ளே அடக்குவதற்கு உதாரணம். இரண்டு ஆமையும் ஒரே ஆமைதானே என்று அந்தப் பிள்ளை யோசித்தபடி இருந்தாள்.

தன்னைத் தப்பிப் பிழைத்தவர் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. நான் முகாமில் இருக்கவில்லையே, இன அழிப்பால் அநாதையானவள் என்றே சொல்வார். அம்மாவின் பெயருக்கு எதிரே ஆவணத்தில் 'ஃபெர்ஷோலன்' என்ற ஒரு ஜேர்மன் சொல்தான் இருந்தது. அதற்கு நான் தமிழ் தேடவில்லை. பிள்ளைகளையே கேட்டேன். "தொலைஞ்சு போறது", "எங்க எண்டு தெரியாமப் போறது" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்று பிள்ளைகளைப் பார்க்கத் துணைக்கு வந்திருந்த ஒரு தாய் மெல்லச் சொன்னார்: "காணாமல் போனோர்."

எங்களில் யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவசரமாகக் கதையை இழுத்துக்கொண்டு போனேன். பாலஸ்தீனத்தில் கரோலா என்ற பெயர் ஜேர்மன் பெயர் மாதிரி இருக்கிறது, மாற்று என்றார்களாம். நடுப்பெயரான ரூத்தை முன்னால் போட்டார். ஆனால் கரோலாவின் முதல் எழுத்தை மட்டும் விடவில்லை. ரூத் கே. வெஸ்ட்ஹைமர் என்றுதான் கடைசிவரை எழுதினார். அப்பா அம்மா உயிரோடு இருந்து தேடினால் அந்த எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கட்டும் என்று.

திரும்பி வரும் ரயிலில் பிள்ளைகள் களைத்துத் தூங்கிவிட்டார்கள். அந்தத் தாய் என் பக்கத்தில் வந்து இருந்தார். அவருடைய தமையன் 2009இலிருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. றோர்ஷாக் கிட்ட வந்தபோது சொன்னார்: "ஊரில அம்மா அந்தப் பழைய போன் நம்பரை இன்னும் மாத்தேல்ல, ரீச்சர். பில் கட்டுறது நான்தான். ஒருத்தரும் எடுக்கிறதில்ல. நானும் வெட்டச் சொல்லேல்ல."